ஒரு மில்லிக்குப் பதினைந்து மீட்டர்

லிட்டருக்கு 15 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் லிட்டரையும் கிலோமீட்டரையும் ஆயிரத்தால் வகுத்தால், மில்லிலிட்டருக்கு 15 மீட்டர். எண் அப்படியே நிற்கிறது, பார்வை மட்டும் மாறுகிறது. லிட்டர், பங்கில் காசு கொடுத்து வாங்கும் அளவு. கிலோமீட்டர், ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள தூரம். மில்லியும் மீட்டரும் இந்தக் கணத்துக்கு உரியவை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. அந்த வினாடியில் எரியும் பெட்ரோல் ஒரு மில்லியைச் சற்றே தாண்டும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையைக் கடக்கும்போது எவ்வளவு எரிந்தது, ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று முகத்தில் அறைந்தபோது எவ்வளவு எரிந்தது என்பதெல்லாம் இந்தச் சின்ன அளவில் பார்த்தால்தான் பிடிபடும்.

இன்றைய கார்களில் இந்த எண் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்திலேயே ஒளிர்கிறது. 50 வருடம் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் அது இல்லை. அதைப் பின்னாளில் பொருத்த முடியுமா? முடியும். பொருத்தும் வேலையே எஞ்சினைப் பற்றியும் சாலையைப் பற்றியும் நல்ல பாடம் என்பதால்தான் இந்த அத்தியாயம்.

கணக்குக்கு ஒரு கார் வேண்டும். ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரான இரட்டை இருக்கைக் கார் அது. தமிழ்நாட்டுக்கு அது அந்நியமும் அல்ல. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதன் உடன்பிறப்பு. ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி, அதன்மேல் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த தாழ்வான உடலை ஏற்றியதுதான் ஸ்பிட்ஃபயர். ஆகவே இங்கே சொல்வதில் பெரும்பகுதி, நம்மூர்க் கொட்டகைகளில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும் ஹெரால்டுகளுக்கும் பொருந்தும். இரண்டிலும் முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, ஒரே மூடியாக முன்னோக்கிச் சாயும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே எஞ்சினைத் தொடலாம். பின்னாளில் எதையாவது பொருத்த நினைப்பவருக்கு இதைவிட வசதியான கார் கிடைப்பது அரிது.

முதலில் பழைய வழி. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுப்பது. நாகர்கோவில் ராணித்தோட்டம் பணிமனை உட்பட, தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனை எதில் நுழைந்தாலும் 'கே.எம்.பி.எல்.' என்ற நான்கு எழுத்துகள் காதில் விழும். ஒரு ஓட்டுநர் ஒரு லிட்டர் டீசலில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்ற கணக்கு அது. நீண்டகாலச் சராசரிக்கு இதைவிட நேர்மையான முறை இல்லை. பங்கில் உள்ள இயந்திரத்தின் பிழைக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 5 லிட்டருக்கு 25 மில்லி, அதாவது அரை சதவீதம். சந்தேகம் இருந்தால் 5 லிட்டர் அளவைக் கொண்டு ஊற்றிக் காட்டச் சொல்லும் உரிமையும் நமக்கு உண்டு. பெரிய பிழை வேறிடத்தில் நுழைகிறது. 'டேங்க் ஃபுல்' என்ற புள்ளி ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்காது. கார் கொஞ்சம் சாய்ந்து நின்றாலே கால் லிட்டர், அரை லிட்டர் கூடும், குறையும். 20 லிட்டர் ஊற்றும்போது அரை லிட்டர் என்பது இரண்டரை சதவீதம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத குறை என்னவென்றால், டேங்க் கணக்கு 300 கிலோமீட்டரை ஒரே எண்ணாகக் குழைத்துவிடுகிறது. வடசேரி நெரிசல், கணவாய்க் காற்று, பாலமோர் ஏற்றம் எல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள் கரைந்துபோகின்றன.

அந்த எண்ணைப் பிரித்துக் காட்டும் ஆசை பழையது. ஸ்வீடனில் டாக்ஸி மீட்டர் செய்துவந்த ஹால்டா நிறுவனம் ராலி ஓட்டுநர்களுக்காகப் பல்சக்கரங்களால் ஆன கருவிகளைச் செய்தது. ஸ்பீடோமீட்டர் கேபிளிலிருந்து சுழற்சியை வாங்கி, தூரத்தைத் துல்லியமாகக் காட்டும் கருவி ஒன்று. அதோடு கடிகாரத்தையும் இணைத்து, நினைத்த சராசரி வேகத்துக்கு முன்னே போகிறோமா பின்தங்குகிறோமா என்று காட்டும் 'ஸ்பீடுபைலட்' இன்னொன்று. எரிபொருளைக் கணக்கில் சேர்க்க மைக்ரோபிராசசர் வரவேண்டியிருந்தது. 1978-இல் காடிலாக் செவில் காரில் மோட்டோரோலா 6802 வகைச் சில்லை வைத்து ட்ரிப் கம்ப்யூட்டர் வந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் ஸெம்கோ நிறுவனம் 'காம்புக்ரூஸ்' என்ற பெட்டியை விற்றது. எந்தக் காரிலும் பின்னாளில் பொருத்திக்கொள்ளலாம். ஷாஃப்டில் கட்டும் காந்தம் ஒன்று, எரிபொருள் குழாயில் செருகும் அளவி ஒன்று, டாஷ்போர்டில் எண் காட்டும் பெட்டி ஒன்று. 45 வருடத்துக்கும் மேல் கழித்து நாம் செய்யப்போவதும் இதேதான். சில்லுதான் மலிந்திருக்கிறது. அளவிகளின் சிக்கல் அன்றுபோலவே இன்றும் இருக்கிறது.

தூரத்தை அளப்பது இரண்டில் எளிதான பாதி. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குத் திருகுவிசையைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு சிறு காந்தம். அருகே, சட்டத்தில், ஒரு ஹால் சென்சார். காந்தம் கடக்கும்போதெல்லாம் சென்சார் ஒரு பல்ஸ் கொடுக்கும். பொதுவாகப் பின் ஆக்ஸில் சாலைக் குழிகளுக்கு ஏற்ப மேலும் கீழும் ஆடும். ஷாஃப்டின் பின்முனையும் கூடவே ஆடும். காந்தத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளி நிலைக்காது. ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் டிஃப்ரன்ஷியல் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. சக்கரங்கள் மட்டும் தனித்தனியே ஆடும். ஷாஃப்ட் இருந்த இடத்திலேயே சுழல்கிறது. (வண்டலூரிலிருந்து பின்னர் வந்த கேஸலில் லைவ் ஆக்ஸில் என்பதால் அதில் கியர்பாக்ஸ் முனையில்தான் காந்தம் வைக்க வேண்டும்.)

155/80 ஆர்13 அளவு டயர் என்று வைத்துக்கொண்டால், அதன் சுற்றளவு ஏறத்தாழ 1.82 மீட்டர். காரின் பாரத்தில் அடிப்பக்கம் சற்று நசுங்குவதால் ஒரு சுற்றுக்கு உண்மையில் கடக்கும் தூரம் 1.76 மீட்டர் அளவுக்குக் குறையும். கிலோமீட்டருக்கு 568 சுற்று. டிஃப்ரன்ஷியல் விகிதம் 4.11 என்றால் ஷாஃப்ட் ஏறத்தாழ 2,335 முறை சுழலும். அதாவது ஒரே காந்தம் 43 சென்டிமீட்டருக்கு ஒரு பல்ஸ் தருகிறது. நம் தேவைக்கு இது தாராளம். ஆனால் தாளில் போட்ட இந்தக் கணக்கை நம்பிவிடக் கூடாது. டயரின் பட்டன் 6 மில்லிமீட்டர் தேய்ந்தால் தூரத்தில் 2 சதவீதப் பிழை வரும். நெடுஞ்சாலையின் மஞ்சள் தலைக் கிலோமீட்டர் கற்களுக்கு இடையே பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, வந்த பல்ஸ்களை எண்ணி, அந்த எண்ணையே கருவிக்குள் எழுதிவிடுவதுதான் சரி. டயர் மாற்றினால் மறுபடி எண்ண வேண்டும்.

பெட்ரோலை அளப்பதில்தான் எல்லாச் சிரமமும் இருக்கிறது.

எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் உள்ள காரில் விஷயம் எளிது. கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் என்ற இரட்டை இருக்கைத் திறந்த கார் இதற்கு நல்ல உதாரணம். ரெனோவின் 1149 சிசி எஞ்சின் அதில் இருந்தது. இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் நுண்துளை. அழுத்தம் மாறாமல் இருந்தால், திறந்திருக்கும் நேரமே பாயும் பெட்ரோலின் அளவு. எஞ்சினை ஆளும் கணினி அந்த நேரத்தை ஏற்கெனவே தீர்மானித்து வயரில் அனுப்புகிறது. நாம் அந்த வயரை ஒட்டுக்கேட்டால் போதும். 2008 வாக்கில் ஆர்வலர்கள் உருவாக்கிய 'எம்பிஜுவினோ' என்ற திறந்தமூலக் கருவி, ஆர்டுயினோ பலகையை வைத்து இதைத்தான் செய்தது. ஒரே ஒரு எச்சரிக்கை. மின்சாரம் வந்தவுடன் இன்ஜெக்டர் திறந்துவிடாது. அதன் ஊசி எழும்ப ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி ஆகும். நிமிடத்துக்கு 150 மில்லி விடும் இன்ஜெக்டருக்கு 4 மில்லிவினாடி பல்ஸ் போனால், 3 மில்லிவினாடிதான் பெட்ரோல் பாயும்: 0.0075 மில்லி. அந்த ஒரு மில்லிவினாடியைக் கழிக்க மறந்தால் கணக்கு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும்.

ஸ்பிட்ஃபயரில் இருப்பது கார்புரேட்டர். அதில் யாரும் எதையும் தீர்மானிப்பதில்லை. எந்த வயரிலும் எந்தச் செய்தியும் போவதில்லை. எஞ்சின் இழுக்கும் காற்று ஒரு குறுகலான கழுத்து வழியே விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு பெட்ரோலை ஜெட் வழியே உறிஞ்சி எடுக்கிறது. அளவிடும் செயலும் கலக்கும் செயலும் ஒன்றாகவே நடந்து முடிந்துவிடுகின்றன. ஒட்டுக்கேட்க ஒன்றுமில்லை. ஆகவே குழாயிலேயே அளவி ஒன்றைச் செருகியாக வேண்டும்.

எவ்வளவு பாய்கிறது என்று முதலில் பார்ப்போம். 1147 சிசி, 63 குதிரைத்திறன் கொண்ட முதல் ஸ்பிட்ஃபயர், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் வினாடிக்குச் சுமார் 5 மில்லி குடிக்கும். ஸ்லோ ஸ்பீடில் நிற்கும்போது மணிக்கு 0.8 லிட்டர் என்று வைத்தால், வினாடிக்கு 0.22 மில்லி. இருபது மடங்குக்கும் மேலான இந்த வீச்சு முழுவதிலும் அளவி உண்மை சொல்ல வேண்டும். மின்னணு உதிரிப்பாகக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தண்ணீர் அளவியைப் பலர் முதலில் வாங்குகிறார்கள். அது நிமிடத்துக்கு 1 முதல் 30 லிட்டர் வரை அளப்பதற்கானது. நம் கார் 60-இல் போகும்போது பாய்வது நிமிடத்துக்கு 0.067 லிட்டர், அந்த அளவியின் கீழ் எல்லையில் பதினைந்தில் ஒரு பங்கு. அதன் சக்கரம் அசையவே அசையாது. அதைவிட முக்கியம், அதன் பிளாஸ்டிக் பெட்ரோலுக்கானது அல்ல. சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எரிபொருளுக்கென்றே செய்த, குறைந்த ஓட்டத்துக்கான அளவியை மட்டுமே வாங்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

அப்படிப்பட்ட அளவிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் குட்டி விசையாழி சுழலும். மற்றதில் இரண்டு நீள்வட்டப் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் அளந்தெடுத்த கொள்ளளவைக் கடத்தும். பின்னது குறைந்த ஓட்டத்தில் நன்றாக அளக்கும். ஆனால் ஒரு தூசி சிக்கிச் சக்கரம் நின்றுவிட்டால் பெட்ரோலே நின்றுபோகும். விசையாழி நின்றாலும் பெட்ரோல் பாயும், கணக்கு மட்டும் போகும். நடுரோட்டில் எஞ்சின் அணைவதைவிட எண் தவறுவது மேல் என்பதால் என் தேர்வு விசையாழி. எதுவானாலும் அதற்கு முன்னால் நல்ல ஃபில்டர் ஒன்று கட்டாயம்.

அளவியைப் பொருத்தியதும் திரையில் எண் துள்ளும். சீராக ஓட்டினாலும் 9, 22, 13 என்று தாவும். கருவி கெட்டுவிட்டது என்று பலர் கழற்றி வைப்பது இந்தக் கட்டத்தில்தான். கருவி சரியாகத்தான் அளக்கிறது. கார்புரேட்டருக்குள் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதவை தாழ்ந்தால் வால்வு திறப்பதுபோல, அந்தக் கிண்ணத்தின் மட்டம் இறங்கும்போது ஊசி வால்வு திறந்து பெட்ரோல் உள்ளே வருகிறது. அளவி பார்ப்பது கிண்ணத்துக்குள் போகும் பெட்ரோலை. எஞ்சின் குடிப்பது கிண்ணத்திலிருந்து. குழாய் வழியே வருவது விட்டுவிட்டு வருகிறது, எஞ்சின் தொடர்ந்து குடிக்கிறது. இதற்குமேல், கேம்ஷாஃப்ட் தள்ளும் டயாஃப்ரம் பம்ப் ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு அலையைக் குழாயில் அனுப்புகிறது. ஆகவே பத்து வினாடி அளவுக்குச் சராசரி எடுத்துத்தான் எண்ணைக் காட்ட வேண்டும். கார்புரேட்டர் காரில் 'இந்தக் கணம்' என்பதன் நீளம் பத்து வினாடி.

வெப்பம் இன்னொரு எதிரி. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் விரிகிறது. டேங்கில் 30 டிகிரியில் இருந்தது எஞ்சின் அருகே 60 டிகிரிக்கு வந்தால் 3 சதவீதம் கூடுதலாக அளக்கப்படும். அது பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். ஆனால் சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு, டீ குடித்துத் திரும்பி வந்து கிளப்பினால், குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிக் குமிழிகள் நிறைந்திருக்கும். ஆவிக்குத் திரவத்தைவிடப் பலமடங்கு கொள்ளளவு. விசையாழி வெறிபிடித்துச் சுழலும். அதைத் திருத்த எந்தக் கணக்கும் உதவாது. அளவியைப் பம்புக்குப் பின்னால், அழுத்தம் உள்ள பக்கத்தில், எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி, வெப்பம் தாங்கும் உறை போட்டு வைப்பதே வழி. பம்புக்கு முன்னால் உறிஞ்சும் பக்கத்தில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் அழுத்தம் குறைந்த இடத்தில் குமிழி இன்னும் எளிதாகப் பிறக்கும்.

மின்சாரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1960-களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய மின்னணுக் கருவிகள் எல்லாம் நெகட்டிவ் எர்த் என்று எண்ணிச் செய்தவை. பார்க்காமல் இணைத்தால் அந்த நொடியே புகை வரும். வோல்டேஜ் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வயரைத் தொட வேண்டும். அடுத்து, பாயிண்ட் செட் திறக்கும் ஒவ்வொரு முறையும் இக்னிஷன் காயிலின் முதன்மைச் சுருளில் சில நூறு வோல்ட் எழும். அது பக்கத்து வயர்களுக்கும் தாவும். ஹால் சென்சார் கொடுக்கும் உண்மையான பல்ஸோடு இந்தப் பொய்ப் பல்ஸ்களும் சேர்ந்தால், நின்றிருக்கும் கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போவதாகத் திரை சொல்லும். உறையிட்ட வயர், சிறு வடிகட்டி, ஆப்டோகப்ளர், உயர் வோல்டேஜை விழுங்கும் டயோடு ஆகிய நான்கும் சேர்ந்தால் தொல்லை அடங்கும்.

டேங்கில் உள்ள பெட்ரோலைப் பழைய ஸ்மித்ஸ் கேஜிலிருந்து படிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்தக் கேஜுக்குள் இருப்பது சூட்டில் வளையும் ஈருலோகத் தகடு. அதற்கு மின்சாரம் தரும் 10 வோல்ட் நிலைப்படுத்தியும் வயரை விட்டுவிட்டுத் துண்டித்துத்தான் சராசரியாக 10 வோல்ட்டை உண்டாக்குகிறது. தகடு மெதுவானது என்பதால் முள் ஆடாமல் நிற்கிறது. மைக்ரோகண்ட்ரோலருக்கோ அது வெறும் குழப்பம். டேங்கை நிரப்பிய பிறகு அளவி வழியே போனதைக் கழித்துக்கொண்டே வருவதுதான் நம்பகமானது.

இவற்றையெல்லாம் காரில் ஒரு துளைகூடப் போடாமல் செய்துவிட முடியும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிகள் 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பாரம்பரிய வண்டிகளாகப் பதிய வழி செய்தன. அசல் வடிவம் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும் என்பது அவற்றின் நிபந்தனை. விதி இல்லாவிட்டாலும், அந்த டாஷ்போர்டைச் செய்தவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை அது. திரையை ஆஷ்ட்ரே இடத்தில் செருகி, வேண்டாதபோது எடுத்துவிடலாம்.

இனி வகுத்தல். ஓடிய மீட்டரை எரிந்த மில்லியால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சராசரி எடுக்கும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. போகும்போது 15 கிலோமீட்டரை லிட்டருக்கு 20 என்ற கணக்கிலும், திரும்பும்போது அதே 15 கிலோமீட்டரை 10 என்ற கணக்கிலும் ஓட்டினால், சராசரி 15 அல்ல. எரிந்தது முக்கால் லிட்டரும் ஒன்றரை லிட்டரும், ஆக இரண்டேகால் லிட்டர். 30 கிலோமீட்டரை அதனால் வகுத்தால் 13.3. கணத்துக்குக் கணம் வரும் எண்களைக் கூட்டி எண்ணிக்கையால் வகுக்கும் கருவி பெரும்பாலும் ஓட்டுநரைப் புகழ்ந்து பொய் சொல்லும். மீட்டரைத் தனியே, மில்லியைத் தனியே சேர்த்துக்கொண்டுபோய்க் கடைசியில் வகுப்பதுதான் முறை.

கார் நிற்கும்போது மேலே பூஜ்யம், கீழே ஏதோ ஒரு எண். அப்போது திரை மணிக்கு எத்தனை லிட்டர் என்று மாறிக் காட்ட வேண்டும். வெட்டூர்ணிமடம் சந்திப்பில் எஞ்சினை அணைக்காமல் பத்து நிமிடம் நின்றால் 133 மில்லி போகும். ஒரு மில்லிக்கு 15 மீட்டர் என்பதை நினைவில் கொள்ளுங்கள்: 2 கிலோமீட்டர் ஓடியிருக்கலாம். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே, வீடும் கடையும் முடியாமல் தொடரும் அந்தச் சாலையில், ஒவ்வொரு முறை நின்று மறுபடி 50-ஐ எட்டவும் 800 கிலோ எடைக்கு 77 கிலோஜூல் இயக்க ஆற்றல் வேண்டும். எஞ்சின் பெட்ரோலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை வேலையாக மாற்றுகிறது என்று வைத்தால் 12 மில்லி. பிரேக் மிதிக்கும்போது அந்த 12 மில்லியும் வெப்பமாகக் காற்றில் கலக்கிறது. தூரத்தில் தெரியும் பஸ் நிற்கப்போகிறது என்று முன்பே உணர்ந்து காலை எடுப்பவர் 180 மீட்டருக்கான பெட்ரோலை மிச்சப்படுத்துகிறார்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ட்ரிப் கம்ப்யூட்டர் தன் முழு மதிப்பைக் காட்டும் இடம் ஆரல்வாய்மொழி. மேற்குத் தொடர்ச்சி மலை தென்முனையை நெருங்கும்போது விடும் இடைவெளி அது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்கப்பட்டு வேகம் கூடி, கிழக்கே முப்பந்தல் பக்கம் பாய்கிறது. நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று அங்கே நிற்பது அதனால்தான். நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு போகும்போது காற்று முதுகில், திரும்பும்போது முகத்தில்.

கார் 60 கிலோமீட்டர் வேகம், காற்று 30 என்று கொள்வோம். காரின் உடல் உணரும் காற்று, போகும்போது 30, திரும்பும்போது 90. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. ஆகவே இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று மடங்கல்ல, ஒன்பது மடங்கு. டயர் உருள்வதற்கான தடை, 800 கிலோ காருக்குச் சுமார் 118 நியூட்டன், இரு திசையிலும் ஒன்றுதான். இந்த அளவுள்ள காருக்குக் காற்றில்லாத நாளில் காற்றுத் தடை ஏறத்தாழ 112 நியூட்டன் என்று எடுத்தால், மொத்தம் 230. காற்று முதுகில் இருந்தால் 146. முகத்தில் இருந்தால் 370. ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே கால். தேவைப்படும் விசை இரண்டரை மடங்கு. பெட்ரோல் அதே இரண்டரை மடங்கு கூடாது, ஏனெனில் சுமை கூடும்போது எஞ்சினின் திறன் சற்று மேம்படும். ஆனால் வித்தியாசம் திரையில் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். டேங்க் கணக்கில் இந்த இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும்.

காற்றில்லாத நாளின் 230 நியூட்டனை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரு மில்லி பெட்ரோலில் 32,000 ஜூல் ஆற்றல் இருக்கிறது. அது காரை 15 மீட்டர் நகர்த்துகிறது. 230 நியூட்டனை எதிர்த்து 15 மீட்டர் நகர்த்தச் செலவாகும் வேலை 3,450 ஜூல். அதாவது 11 சதவீதம். மீதி 89 சதவீதம் சைலன்ஸர் வழியே வெப்பமாகவும், ரேடியேட்டர் வழியே வெப்பமாகவும், பிஸ்டனும் கியரும் உரசுவதிலும், பாதி மூடிய த்ராட்டில் வழியே காற்றை இழுக்க எஞ்சின் படும் பாட்டிலும் போய்விடுகிறது. மென்மையாக ஓட்டும்போது பழைய எஞ்சின் இவ்வளவுதான் செய்யும். ஏற்றத்தில், த்ராட்டில் நன்றாகத் திறந்திருக்கும்போது, இது 25 சதவீதத்தை நெருங்கலாம். அந்தக் கணக்கில் 800 கிலோவை ஒரு மீட்டர் உயர்த்த ஒரு மில்லி ஆகும். கீரிப்பாறை தாண்டிப் பாலமோர் பக்கம் ஏறும்போது, சாலையின் நீளத்துக்கான பெட்ரோலுக்கு மேல், ஏறிய ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு மில்லி சேர்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது, இன்ஜெக்‌ஷன் உள்ள கார்களில் பெரும்பாலானவை கியரில் உருளும்வரை பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். கார்புரேட்டர் நிறுத்தாது. எஞ்சின் சுழலும்வரை ஜெட் சொட்டிக்கொண்டே இருக்கும். திரையில் அது தெரியும்.

கடைசியாக எத்தனால். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு 21 மெகாஜூல்தான், பெட்ரோலில் 32. கலவையில் ஏறத்தாழ 7 சதவீத ஆற்றல் குறைகிறது. நம் 15 மீட்டர் 14-ஐ ஒட்டி இறங்கும். அதோடு, எத்தனால் எரியக் குறைந்த காற்றே போதும். ஜெட் அளவு மாறாத கார்புரேட்டரில் கலவை மெலிந்துவிடும். ஆக்சிஜன் சென்சார் உள்ள கார் தானே திருத்திக்கொள்ளும். ஸ்பிட்ஃபயரின் எஸ்யூ கார்புரேட்டரில் மிக்ஸ்சர் நட்டை மெக்கானிக் திருகித்தான் சரிசெய்ய வேண்டும். எவ்வளவு திருகினால் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க இந்த அளவி கைகொடுக்கும்.

பழைய ரப்பர்க் குழாய்களும் பம்பின் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். அளவியைப் பொருத்தும் அன்றே எல்லாக் குழாயையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பின் ஸ்லோ ஸ்பீடில் மணிக்கு எத்தனை லிட்டர் என்று பார்த்து, டாஷ்போர்டு உள்மூடியில் எழுதி ஒட்டிவைக்கவும். 0.8 என்று எழுதியிருந்தது ஒருநாள் 1.1 என்று காட்டினால், சோக் முழுக்க விடுபடாமல் இருக்கலாம், மிதவையில் ஓட்டை விழுந்திருக்கலாம், அளவிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே கசியலாம். மூன்றாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்து, முன்மூடியைச் சாய்த்து, குழாயின் ஒவ்வொரு கிளிப்பையும் கையால் தடவிப் பாருங்கள்.